மகளுக்கு 19 வயது

மகளுக்கு நேற்று 19 வயது. கெம்பஸ் லீவில் வந்தவள், கேக் வேண்டாம், எங்கேயாவது போவோம் என்றாள். இலையுதிர் காலம் நம் மலையில் ஏது? ஒக்டோபர் என்றால் பின்னேர மழைதான். அதனால் காலையிலேயே சோற்றுப் பார்சலோடு கிளம்பினோம். 126 மீட்டர் உயர லக்சபான நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் நம் பொல்பிட்டியப் பக்கமே வந்து உட்கார்ந்தோம். இந்தத் தண்ணீர் கொழும்புக்குப் போகிறது. நாளை மகளும் போகிறாள்.

அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு நாங்கள் இருவரும் பக்கத்தில் இல்லை, கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் இருந்தோம். உம்மம்மாதான் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை நேற்றுத்தான் அவளிடம் சொன்னோம்.

"நீங்க ரெண்டு பேரும் படிச்சதாலதானே உம்மா நானும் படிக்கிறேன்" என்றாள்.

மழை வந்துவிட்டது. பிள்ளைக்காக துஆ செய்யுங்கள்.