மாட்டாஸ்பத்திரிக்குப் போன வெள்ளையன்

மார்கழி பிறந்துவிட்டால் ஆச்சி வீட்டில் எல்லோருக்கும் தோல் வெடிக்கும். குதிகால், உதடு, முழங்கை ஒன்றும் தப்பாது. விடிகாலையில் ஆச்சி உறைந்துபோன தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கி, பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கைகால் முழுக்கத் தேய்த்துவிடுவாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டுப் பனியும், அதைத் தொடர்ந்து வரும் வறட்டுக் காற்றும் அப்படி. அதனால்தான் எங்கள் நாய் வெள்ளையனின் முதுகிலிருந்து தவிடு தவிடாக உதிரத் தொடங்கியபோது, அவனுக்கும் பனி வெடிப்பு என்று ஆச்சி கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை அவன் முதுகிலும் தடவினாள்.

இது 1980களின் நடுவில். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். வெள்ளையன் ராஜபாளையம் கலப்பு. தாத்தாவோடு பருத்தி வியாபாரம் செய்த ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு. ரோமத்தை விலக்கினால் தோலும் அதே இளஞ்சிவப்பு. கொசு கடித்தால்கூட அவன் வயிற்றில் தெரியும். கறுப்பு நாய் என்றால் இன்னும் பல நாள் கவனிக்காமலே விட்டிருப்போம்.

முதலில் சொறிகிற சத்தம்தான் வந்தது. இரவில் அவன் படுப்பது திண்ணைக்குக் கீழே. பின்னங்காலால் காதோரத்தைச் சொறியும்போது கால் திண்ணைப் பலகையில் பட்டுப்பட்டு அடிக்கும். கொஞ்சம் நிற்கும், மறுபடி தொடங்கும். கொல்லைக் கதவுக்கு வெளியே யாரோ தட்டுகிறார்கள் என்று அம்மா எழுந்து போய்ப் பார்த்ததும் உண்டு. தை முடிவதற்குள் காது மடலின் ஓரம் தடித்து, தொட்டால் பொருக்கு பொருக்காகக் கையோடு வந்தது. முன்னங்கால் முட்டியிலும் வயிற்றடியிலும் ரோமம் கொட்டி, தோல் சிவந்து, சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. அவனிடமிருந்து ஒரு வாடை அடித்தது. சோறு வைத்தால் ரெண்டு வாய் தின்பான், பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்து சொறிவான். பசியைவிட அரிப்பு பெரிது என்பதை நான் பார்த்தது அவனிடம்தான்.

தாத்தாவுக்குத் தெரிந்த வைத்தியம் உண்ணி எடுப்பது. மத்தியான வெயிலில் வேப்பமரத்தடியில் வெள்ளையனைக் கிடத்தி, காது மடலுக்குள், கால் விரலிடுக்கில், வாலடியில் விரலைவிட்டுத் தேடுவார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய் இருக்கும். பிடுங்கிய உண்ணியை அதில் போடுவது என் வேலை. தெள்ளு இருந்தால் ரோமத்தினடியில் கறுப்புப் பொடி கிடக்கும், அது தெள்ளின் எச்சம் என்று அவர்தான் சொல்லித்தந்தார். ஈரத் துணியில் அந்தப் பொடியை வைத்து அழுத்தினால் செந்நிறமாகக் கரையும். அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். அந்தத் தடவை உண்ணியும் அதிகம் இல்லை, கறுப்புப் பொடியும் இல்லை. தாத்தா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். வெள்ளையன் மஞ்சள் நாயாகித் தெருவில் போனான். அது காய்ந்து உதிர்ந்ததும் மறுபடி சொறிந்தான். பிறகு ஆச்சி கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தாள். சங்கரநாராயணர் கோவில் புற்றுமண் தோல் வியாதிக்கு நல்லது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. மனுஷனுக்குப் பூசுகிற மண்ணை நாய்க்குப் பூசலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். “வாயில்லா ஜீவன். அதுக்கும் அவதானே ஆத்தா” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோவில் கோமதியம்மனை நினைத்துக்கொண்டு மண்ணைக் குழைத்து அவன் காதில் தடவினாள். “செத்த சும்மா இரு அய்யா” என்று அவனிடம் கெஞ்சினாள். சொந்தப் பிள்ளைகளிடம் ஆச்சி அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

ஊருக்குள் வேறு யோசனையும் வந்தது. லாரி செட்டில் கிடைக்கும் பழைய எஞ்சின் ஆயிலை வாங்கி உடம்பு முழுக்க ஊற்றிவிட்டால் சொறி நின்றுவிடும் என்றார்கள். ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தும் கொடுத்துவிட்டார்கள். தாத்தா அதை முகர்ந்து பார்த்தார். “நம்ம மேல ஊத்திக்கிடுவமால?” என்று மட்டும் கேட்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

மாசி வாக்கில் என் வயிற்றிலும் முன்கையிலும் சிறுசிறு சிவப்புப் பருக்கள் கிளம்பின. வெள்ளையனைத் தூக்கிக்கொண்டு திரிகிற இடமெல்லாம் அரிப்பு. அம்மாவுக்கும் இடுப்பில் வந்தது. அன்றைக்கு வீட்டில் சத்தம் கூடிவிட்டது. நாயைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி மாமா பிடிவாதமாக நின்றார். தாத்தா பதில் சொல்லாமல் மறுநாள் காலை மாட்டுவண்டியைப் பூட்டினார். நடுவில் சாக்கை விரித்து வெள்ளையனைப் படுக்கவைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆச்சி மறக்காமல் ஒரு காலிப் பாட்டிலும் பழைய பவுடர் டப்பாவும் கொடுத்துவிட்டாள். அப்போதெல்லாம் மருந்து வாங்க ஏனம் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

அங்கே வாசலில் சினை மாடுகளும் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டிகளும் நின்றன. நாய் வெள்ளையன் ஒருவன்தான். டாக்டர் இளவயசுக்காரர். வெள்ளையனைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் முதலில் செய்த காரியம் எனக்கு வித்தையாகப் பட்டது. வெள்ளையனின் காது மடல் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். உடனே அவன் பின்னங்கால் தானாக எழும்பி, காற்றில் சொறிய ஆரம்பித்தது. கையை எடுத்ததும் கால் நின்றது. மறுபடி தேய்த்தார், மறுபடி கால் ஆடியது.

“பெரியவரே, இது பனி வெடிப்பு இல்ல. பூச்சி.”

“உண்ணியெல்லாம் எடுத்தாச்சே டாக்டரய்யா.”

“உண்ணி கண்ணுக்குத் தெரியும். இது தோலைக் குடைஞ்சு உள்ள இருக்கு.”

ஒரு பிளேடில் துளி எண்ணெய் தொட்டு, முட்டியில் பொருக்கு கட்டிய இடத்தைச் சுரண்டினார். லேசாக ரத்தம் துளிர்க்கும்வரை சுரண்டினார். வெள்ளையன் முனகினான். தாத்தா அவன் முகத்தைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு தம்பி” என்றார். உருண்டையாக, நிறமில்லாமல், குட்டையான கால்களோடு ஒன்று மெல்ல அசைந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்று. மாசக்கணக்கில் இரவெல்லாம் திண்ணைப் பலகையைத் தட்டவைத்தது அதுதான்.

சார்கோப்டிஸ் என்பது அதன் பெயர் என்று பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிலந்தி, உண்ணி இவற்றோடு சேர்ந்த எட்டுக்கால் இனம். பெண் பூச்சி மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே முட்டையிட்டுப் போகும். முட்டை சில நாளில் பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் நிலைக்கு வர ஏறத்தாழ மூன்று வாரம். நாயிடமிருந்து மனிதனுக்கு ஏறினால் அரிக்கும், ஆனால் நம் தோலில் அதனால் பெருகி நிலைக்க முடியாது. நாய்க்குக் குணமானால் நமக்கும் சில வாரத்தில் அடங்கிவிடும். டாக்டர் அதைத்தான் தாத்தாவிடம், “பையனுக்குப் பயப்படாதீங்க, நாயைச் சரிபண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லியனுப்பினார். எஞ்சின் ஆயிலைப் பற்றித் தாத்தா கேட்டதும் அவர் குரல் உயர்ந்தது. நாய் தன் உடம்பை நக்கும், ஆயில் வயிற்றுக்குள் போனால் ஈரலும் சிறுநீரகமும் கெடும் என்றார்.

கம்பவுண்டர் பவுடர் டப்பாவில் கந்தகக் களிம்பு போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எங்கள் வீட்டில் வெள்ளையனுக்கானவை. பொருக்கைச் சுற்றியிருந்த ரோமத்தைத் தாத்தா கத்திரியால் வெட்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்தார். துணி சோப் வேண்டாம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார், நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஒரு நாள் முன்பாதி, மறுநாள் பின்பாதி என்று களிம்பு தடவுவார். நக்கிவிடக் கூடாதே என்று பனையோலைப் பெட்டி ஒன்றின் அடியை அறுத்தெடுத்து அவன் கழுத்தில் மாட்டினார். முதல் நாள் அதோடு நடக்கத் தெரியாமல் வெள்ளையன் கதவு நிலையில் முட்டி நின்றான். அவன் படுத்த சாக்கையெல்லாம் எரித்தார்கள். திண்ணைக்கு அடியில் ஆச்சி சுண்ணாம்பு அடித்தாள். பழைய சோற்றோடு அவித்த முட்டையும், முள் எடுத்த சாளை மீனும் அவனுக்குக் கிடைத்தன. வேண்டாம் என்று நின்ற மாமாதான் மீன் வாங்கி வந்தார்.

அரிப்பு ஒரு வாரத்தில் குறைந்தது. அத்தோடு நிறுத்தலாமா என்று ஆச்சி கேட்டாள். முட்டையில் இருப்பது மருந்துக்குச் சாகாது, பொரிந்து வருவதையும் கொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னதைத் தாத்தா திருப்பிச் சொன்னார். சித்திரை பிறந்து வெகுநாள் கழித்தும் தடவிக்கொண்டிருந்தார். முதலில் காதோரத்தில் பூனை ரோமமாகத் துளிர்த்தது, பிறகு முட்டியில். கோவிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்தபோது வெள்ளையன் முழு வெள்ளையாக வாசலில் படுத்திருந்தான்.

இன்று இந்தப் பூச்சிக்கு ஐவர்மெக்டின் இருக்கிறது. 1981இல் கால்நடைகளுக்கென்று சந்தைக்கு வந்த மருந்து. ஜப்பானின் சதோஷி ஓமுரா தம் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அது பிறந்தது. அவரும் வில்லியம் கேம்பெலும் அதற்காக 2015இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மண்ணுக்குள் மருந்து இருக்கும் என்று ஆச்சி நம்பினாளே, நோபல் செய்தியைப் படித்த அன்று அவளை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. புற்றுமண் சொறியை ஆற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றிவிட வேண்டும் என்ற அவள் தவிப்பைச் சொல்கிறேன்.

அதே ஐவர்மெக்டின் கோலி வகை நாய்களுக்கு நஞ்சாகிவிடக்கூடும். அவற்றில் பலவற்றுக்கு மூளைக்குள் மருந்து புகாமல் காக்கும் மரபணு பழுதுபட்டிருக்கும். கடையில் கேட்டு வாங்கித் தானே ஊசி போடுகிறவர்கள் இதை அறியாமல் செய்கிறார்கள். அரிப்பென்றால் எல்லாம் சார்கோப்டிஸும் இல்லை. வாலடியை மட்டும் கடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தெள்ளு ஒவ்வாமை. குட்டிகளுக்கு முகத்தில் திட்டுத் திட்டாக ரோமம் கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற வேறொரு பூச்சியாக இருக்கலாம், அது மனிதருக்கு ஒட்டாது. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர்களில் பூஞ்சை வந்து காது நாறும். ஒன்றுக்கு உள்ள மருந்து மற்றதற்கு உதவாது.

ஆகவே உங்கள் வீட்டு நாயோ தெருநாயோ தவிடு உதிர்த்துச் சொறிந்துகொண்டிருந்தால், கையில் கிடைத்ததை அதன் மேல் ஊற்றிவிடாதீர்கள். அடித்தும் துரத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சுரண்டலில் பூச்சி அகப்படாமல் போவதும் உண்டு, அப்போதும் மருத்துவர் அறிகுறி பார்த்து மருந்து தருவார். தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுங்கள்.