செம்பில் வந்த நீர்

வீட்டுப் பெரியவர்கள் ஒரு பொருளை நம் கையில் கொடுத்து, "போகிற இடத்தில் இதை மறந்துவிடாதே" என்று சொல்லும்போது, அதனை நாம் ஒரு சிறு வேலையாகவே கருதுகிறோம். நம் பயணத்தின் காரியம் வேறு, அது இடையில் வந்து சேர்ந்த சுமை என்று நினைக்கிறோம். எது காரியம், எது சுமை என்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே விளங்குகிறது. அடியேனுக்கு அது விளங்கிய விதத்தை இங்கே எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆயினும் என் வயதினரும் என்னிலும் மூத்தவர்களும் படிக்கும் இந்த ஏட்டில் சொல்லத்தக்கது என்று தோன்றியது.

நான் வேதியியல் ஆசிரியன். 32 ஆண்டுகள் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் வீடு திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்தில் இருக்கிறது. பித்தளை, செம்புப் பாத்திரங்கள் செய்வதில் பெயர் பெற்ற ஊர் அது. பாத்திரப் பட்டறைகளின் சுத்தியல் ஓசை கேட்டு வளர்ந்தேன். தந்தையார் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். கொடிகாத்த குமரன் உயிர் நீத்த 1932ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமிதம் உண்டு. அவருடைய கைகள் ஒரு வாரம் நீலமாகவும் மறு வாரம் சிவப்பாகவும் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்களில் நிறம் போகாது. தாயார் பனியன் கம்பெனிகளிலிருந்து துணிக்கட்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து பிசிர் வெட்டுவார். சனிக்கிழமைதோறும் வரும் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதி என் படிப்புக்கென்று அரிசிப் பானைக்குள் போய்விடும்.

தாயார் பிறந்த ஊர் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் காவிரியில் கலக்கும் அந்த ஆற்றில் அவர் சிறுமியாக இருந்தபோது குடிநீர் எடுத்திருக்கிறார். நான் ஆராய்ச்சி மாணவனாக அதே ஆற்றிலிருந்து சோதனைக் குப்பியில் நீர் எடுத்தபோது, அது குடிக்கத்தக்கதாக இல்லை. பருத்தி நூல் சாயத்தைப் பற்றிக்கொள்வதற்கு உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பிட வேண்டியிருக்கும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும்; உப்போ துணியில் தங்காது, கழிவுநீரோடு முழுவதும் வெளியேறிவிடும். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, இவ்வாறு சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதை இவ்வட்டார மக்கள் அறிவார்கள். அந்த உப்பை நீரிலிருந்து பிரித்து, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்துவது எப்படி என்பதே என் ஆய்வு. தந்தையாரின் தொழில் கெடுத்த நீரை மகனின் படிப்பு திருத்த வேண்டும் என்று எண்ணியிருந்தேன். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த எண்ணத்தோடு என் பெயர் மீது ஒரு ஆசையும் வளர்ந்தது.

ஆய்வாளர் வாழ்வில் கருத்தரங்குப் பயணம் தவிர்க்க முடியாதது. தொடக்கத்தில் கண்ணாடித் தாள்களில் பேனாவால் எழுதி, விளக்குப் பெட்டியின் மேல் வைத்துத் திரையில் காட்டுவோம். சேரன் விரைவு வண்டியில் இரவு ஏறும்போது, அந்தத் தாள்கள் கசங்காதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுப்பேன். பிறகு குறுந்தகடு வந்தது, அதற்குப் பின் விரலளவு சேமிப்பான் வந்தது, மடிக்கணினி வந்தது. கருவிகள் மாறினவே தவிர, படபடப்பு மாறவில்லை. பதினைந்து நிமிடப் பேச்சுக்காக இரண்டு நாள் பயணம் செய்வதும், தலைவர் மணியடித்ததும் பாதியில் முடித்துக்கொண்டு இறங்குவதும், ஒரு சான்றிதழும் ஒரு துணிப்பையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதும் வழக்கமாயிற்று. போன ஊர்களின் கோயில்களைப் பற்றித் தாயார் கேட்பார். "நேரம் இல்லை" என்பதே பெரும்பாலும் என் விடையாக இருந்தது.

2007ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் காசியில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. காசி என்று கேட்டவுடன் தாயாரின் முகத்தில் தோன்றிய ஒளியை இன்றும் மறக்க முடியவில்லை. அவரையும் அழைத்துப் போயிருக்கலாம். "வேலையாகப் போகிறேன், இன்னொரு முறை பார்ப்போம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் மாமா தம் பட்டறையில் அடித்துக் கொடுத்த சிறு செம்பு ஒன்றைப் புளியிட்டுத் துலக்கி, மஞ்சள் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். "குமரகுருபரர் மடம் இருக்குற கேதார கட்டத்துல எறங்கித் தலை முழுகிட்டு, இதுல கொஞ்சம் கங்கைத் தண்ணி மொண்டுட்டு வா கண்ணு. எங்க ரெண்டு பேருத்துக்கும் கடைசி நேரத்துக்கு ஆகும்" என்றார்.

சென்னையில் கங்கா காவேரி வண்டியில் ஏறி, இரண்டு இரவுகள் கழித்துக் காசியில் இறங்கினேன். மூன்று நாள் கருத்தரங்கில் என் முறை மூன்றாம் நாள் காலை. முதல் இரண்டு நாள்களும் அமர்வுகளிலேயே கழிந்தன. இரண்டாம் நாள் மாலை கங்கைக்குப் போவதென்று செம்பையும் எடுத்து வைத்துவிட்டேன். புறப்படுமுன் மறுநாள் பேச்சை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். கோப்பு திறக்கவில்லை. குறுந்தகட்டில் இருந்த படியும் திறக்கவில்லை. மாலை முழுவதும், பின்னர் இரவு முழுவதும் அமர்ந்து, வரைபடங்களையும் அட்டவணைகளையும் நினைவிலிருந்து புதிதாக உருவாக்கினேன். சாளரத்துக்கு அப்பால் எங்கோ ஆரத்தி மணி கேட்டு ஓய்ந்தது. கண் விழித்தபடியே அரங்குக்குச் சென்றேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். பேசினேன், மணி அடித்தது, கேள்வி எதுவும் எழவில்லை. அன்று பிற்பகல் வண்டி.

விடுதி அறையைக் காலி செய்யும்போது மஞ்சள் துணி கண்ணில் பட்டது. கைகழுவும் குழாயைத் திறந்து செம்பை நிரப்பினேன். துணியால் வாயைக் கட்டினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'இதுவும் காசி நீர்தானே' என்று என் மனம் சொல்லிற்று. படித்தவனுக்குப் பொய் சொல்லும்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

வீட்டு வாசலில் தாயார் செம்புக்குக் கற்பூரம் காட்டி வரவேற்றார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒவ்வோர் உத்தரணி தீர்த்தம் தந்தார். மீதியைச் செம்பிலேயே மூடி அரக்கு வைத்துப் பூஜை அறையில், அவிநாசியப்பரும் கருணாம்பிகையும் உள்ள படத்தின் கீழ் வைத்தார். நாள்தோறும் அதற்கும் ஒரு பூ வைப்பார். நான் பூஜை அறைக்குள் செல்வதைக் குறைத்துக்கொண்டேன். வேலை மிகுதி என்று வீட்டில் நினைத்தார்கள்.

2011 ஜனவரி 28ஆம் நாள், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே திகைத்து நின்றது. ஆறு பிழைக்க வேண்டியதுதான். ஆனால் பட்டறைகளை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டையும் கண்ணால் கண்டேன். தந்தையார் வேலையிலிருந்து நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் மூடிக் கிடந்த பட்டறையின் வாசல்வரை தினமும் நடந்து போய்விட்டுத் திரும்புவார். "இனி ஆத்துல நல்ல தண்ணி வருமாடா?" என்று என்னிடம் கேட்பார். மறு ஆண்டு ஆடி மாதத்தில் படுக்கையில் விழுந்தார்.

கடைசி நாள் விடியற்காலையில் தாயார் பூஜை அறைக்குள் சென்று செம்பை எடுத்து வந்து அரக்கை உடைத்தார். என்னைத் தலைமாட்டில் அமரச் சொன்னார். விசுவநாதரின் பெயரைச் சொல்லிக்கொண்டே தந்தையாரின் வாயில் மூன்று முறை ஊற்றினார். நான் அருகில் இருந்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தந்தையாரின் தொண்டை அந்த நீரை ஏற்றுக்கொண்ட ஒலி என் காதில் விழுந்தது. அதன் பிறகு எத்தனை ஊர்களில் எத்தனை முறை நீரின் தூய்மை பற்றிப் பேசினேன்! மேடை ஏறும்போதெல்லாம் அந்த ஒலி முன்னே வந்து நிற்கும்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2018 மார்கழியில் தாயாரும் படுத்தார். செம்பில் அரையளவு நீர் எஞ்சியிருந்தது. ஒருநாள் இரவு அவரே, "அந்தச் செம்பைப் பக்கத்துல கொண்டாந்து வெச்சிரு கண்ணு" என்றார். எடுத்து வந்தவன் அவர் கால்மாட்டில் அமர்ந்து அனைத்தையும் சொல்லிவிட்டேன். குழாய், விடுதி, திறக்காத கோப்பு, பதினொரு பேர் ஆகிய எதையும் விடவில்லை. தந்தையாரைப் பற்றிச் சொல்லும்போது குரல் வரவில்லை.

தாயார் நெடுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தண்ணி பொய்யா இருந்தாலும் ஊத்துன கை பொய்யில்ல கண்ணு. நான் விசுவநாதரை நெனச்சுத்தான் ஊத்துனேன். உங்கப்பாவுக்கு அது போய்ச் சேந்திருக்கும். உன்ற பங்குதான் பாக்கி நிக்குது. நாளைக்கு அவிநாசிக்குப் போ. காரு வேண்டாம், பஸ்ஸுல போ."

அவிநாசிக்கும் காசிக்கும் உள்ள உறவை அன்பர்கள் அறிவீர்கள். காசி லிங்கத்தின் வேரே இங்கு முளைத்தது என்பது தல மரபு. கோயிலுக்குள் உள்ள காசிக் கிணற்றில் கங்கையே ஊறுவதாக முன்னோர் போற்றினர். பேருந்து திருமுருகன்பூண்டியைக் கடந்தபோது சுந்தரர் நினைவு வந்தது. சேரமான் பெருமாளிடம் பெற்ற செல்வத்தோடு திரும்பிய அவரிடம், இறைவன் பூதகணங்களை வேடர்களாக அனுப்பிப் பொருளைப் பறிக்கச் செய்து, பின்னர் பதிகம் கேட்டுத் திருப்பித் தந்தான் என்பது அவ்வூர் வரலாறு. காசியிலிருந்து நான் கொண்டுவந்ததில் பறிகொடுக்கத்தக்கது என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். இரவெல்லாம் விழித்துச் செய்த அந்தப் பேச்சைப் பதிந்த தகட்டை இன்று வீட்டில் உள்ள எந்தக் கருவியும் படிப்பதில்லை.

அவிநாசியில் குளக்கரைக்கு முதலில் சென்றேன். முதலை விழுங்கிய சிறுவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் சுந்தரர் பாடி மீட்ட இடம் அது. விழுங்கப்பட்ட காலத்துக்குரிய வளர்ச்சியோடு அவன் திரும்பி வந்தான் என்கிறது புராணம். எனக்கு அப்படி ஒரு வரம் கேட்கத் தகுதி இல்லை. தந்தையாரின் அந்தக் காலை நேரம் திரும்பாது என்பதை அக்கரையில் நின்று ஒப்புக்கொண்டேன். பிறகு சந்நிதிக்குச் சென்று வணங்கினேன். குருக்களிடம் செய்தியைச் சொல்லாமல், தாயாருக்குக் கடைசித் தீர்த்தம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் செம்பை வாங்கி, காசிக் கிணற்று நீரை நிரப்பித் தந்தார். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறு மானி வழக்கம்போல் என் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

தாயார் அந்தச் செம்பை இரு கைகளாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்ப செரி" என்றார். தை பிறந்து ஒன்பதாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். இம்முறை நீரை ஊற்றியது என் கை.

அதற்குப் பின் உலகமும் மாறிற்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது கருத்தரங்குகள் யாவும் கணினித் திரைக்குள் வந்துவிட்டன. வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அயல்நாட்டவரோடு பேசினேன். அப்போதுதான் தோன்றியது: பேச்சுக்குக் கருவி போதும், நேரில் செல்லாமல் நிறைவேறாத காரியங்கள் வேறு இருக்கின்றன. நீரை நேரில் சென்றுதான் முகர வேண்டும்.

ஓய்வு பெற்ற பின் காசிக்குச் சென்று வந்தேன். கையில் கட்டுரை இல்லை, கணினி இல்லை. கேதார கட்டத்தில் இறங்கி, இருவர் பெயரையும் சொல்லி மூழ்கி எழுந்தேன். அந்தச் செம்பிலேயே நீர் முகந்து வந்தேன். அது இப்போது பூஜை அறையில் இருக்கிறது.

என் மகன் வெளிநாட்டில் கணினித் துறையில் இருக்கிறான். வாரம் ஒருமுறை திரையில் தோன்றி, "கோயிலுக்குப் போனேம்பா" என்பான். போனானா என்று நான் துருவிக் கேட்பதில்லை. ஆனால் ஒருநாள் அவன் என் கால்மாட்டில் அமர்ந்து ஏதேனும் சொல்ல வந்தால், என் தாயார் கேட்டது போல முழுவதும் கேட்கும் பொறுமையை எனக்குத் தர வேண்டும் என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன். அன்பர்களே, நம் பிள்ளைகள் கொண்டுவரும் செம்பை நாம் சோதிக்க வேண்டாம். அவர்கள் சொல்ல வரும் நாளில் நம் செவி திறந்திருந்தால் போதும்.