சிவப்பு மையும் பீத்தோவனின் ரஃப் நோட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

பேத்தி பியானோ கற்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் மேற்கத்திய இசைக்குறிகளைத் தட்டுத்தடுமாறி வாசிக்க வந்துவிட்டது. ஆறு மாதமாக ஒரே பைத்தியம்: பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி, 'எரோய்க்கா'. 1805 ஏப்ரலில் வியன்னாவில் பொதுமக்கள் முன் முதலில் அரங்கேறியது. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதை அவர் உருவாக்கிய ரஃப் நோட்டின் பக்கங்கள் சிலவற்றை மகள் கணினியில் எடுத்துக் காட்டினாள்.

அடடா, என்ன கிறுக்கல்! உங்களில் யாராவது அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். பெரும்பாலும் ஒற்றை வரி மெட்டுதான். பாதியில் நின்றுபோகும், அடித்திருப்பார், மறுபடி தொடங்குவார். ஒரு இடத்தில் 'வி' என்றும் வேறொரு இடத்தில் 'டெ' என்றும் குறித்திருப்பார். இங்கிருந்து அங்கே தாவு என்று பொருளாம். நீங்கள் விடைத்தாளில் நட்சத்திரம் போட்டு, "பின்பக்கம் பார்க்க" என்று எழுதுவீர்களே, அதேதான்.

வியன்னாவில் வாழ்ந்த குஸ்டாவ் நோட்டபோம் என்பவர் இந்த நோட்டைப் பொறுமையாகப் படித்து 1880-ல் தனிப் புத்தகமே எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஆண்டுகள் நோட்டு எங்கே போனது என்றே வெளியுலகுக்குத் தெரியவில்லை. இப்போது போலந்தின் கிராக்கோவ் நகரில், யாகியெலோனியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. முதல் பகுதியின் தொடக்கப் பிரிவை மட்டும் நீளமாக நான்கு தடவை எழுதிப் பார்த்திருக்கிறார் மனிதர்.

இதற்கும் முந்தைய நோட்டு ஒன்று மாஸ்கோவில் உண்டு. அதில் இந்தச் சிம்பொனியின் முதல் திட்டம் இருக்கிறது. உலகமே கொண்டாடும் அந்தச் சாவு ஊர்வல இசை அதில் கிடையாது! அந்த இடத்தில் வேறொரு மெதுவான இசை. கடைசிப் பகுதிக்குக் குறிப்பே இல்லை. ஏன் தெரியுமா? அதன் மெட்டு ஏற்கெனவே கையில் இருந்தது, 1801-ல் ஒரு நடன நாடகத்துக்குப் போட்டது. ஆகவே முடிவை வைத்துக்கொண்டுதான் முன்பகுதிகளைத் தேடிப் போயிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று. முதல் பகுதியில் வயலின்கள் மிக மெதுவாக வேறொரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஹார்ன் என்னும் கொம்பு வாத்தியம் மட்டும் நான்கு ஆவர்த்தனம் முந்திக்கொண்டு முதல் மெட்டை ஊதிவிடும். கேட்டால் அபஸ்வரம்போல இருக்கும். முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்ற பீத்தோவனின் மாணவர் ரீஸ், ஊதுபவர் தப்பாக நுழைந்துவிட்டார் என்று நினைத்துத் திட்டிவிட்டார். குருவிடம் அறை வாங்காமல் தப்பியதே பெரிது என்று பிற்பாடு அவரே எழுதிவைத்தார். ரஃப் நோட்டைப் பார்த்தால், அந்த முந்திய நுழைவு ஆரம்பத்திலேயே யோசித்து வைத்தது என்று தெரிகிறது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். 'எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா' என்று கட்டுரை கொடுத்தேன். மற்றவர்கள் எல்லாரும் கொடியேற்றத்தில் தொடங்கினார்கள். இவன் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் தொடங்கினான்: தேரடியில் கரும்புச் சக்கை, அதை மேயும் ஒரு ஆடு. அதற்கு மேலே நான்கு தொடக்கங்கள் எழுதி அடித்திருந்தான். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "வரிசை தவறு. அடித்தல் திருத்தல் அதிகம்" என்று எழுதிப் பத்துக்கு மூன்று போட்டேன். கொடியேற்றத்திலிருந்து திருப்பி எழுதிவரச் சொன்னேன். மறுநாள் சுத்தமாக எழுதிவந்தான். எட்டு மதிப்பெண். அதன்பிறகு அவன் எழுதிய கட்டுரைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

தம்பி, இந்தப் பக்கத்தில் நீயும் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டை நான் இன்னும் மறக்கவில்லை. அடித்துப்போட்ட நான்கு தொடக்கங்களையும் அன்றைக்கு நான் படிக்கவே இல்லையப்பா. ஏதாவது ஞாபகம் இருந்தால் கீழே எழுது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்