நூல் கணக்கு

சனிக்கிழமைகளில் சிறைச்சாலைக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னபோது, "கொடுப்பனவு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சதமும் இல்லை என்றேன். பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பிற்று. பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாற்றை நாம் மீலாத் மேடைகளில் சொல்லி மகிழ்வதுண்டு. மேடையோடு சரி.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்றவன் நான். சின்னஞ்சிறுசுகளுக்கு 'ட'வும் 'ப'வும் எழுதிக் காட்டிப் பழகிய கை. சிறைச்சாலையில் என் முன்னால் வந்து அமர்ந்தவர்களில் பாதிப்பேர், நான் 'காக்கா' என்று கூப்பிட வேண்டிய வயதுக்காரர். அவர்களோ என்னைச் 'சேர்' என்றார்கள். அணிலும் ஆடும் இங்கே செல்லாது என்பது முதல் கிழமையே விளங்கிவிட்டது. மீன்பிடித் தொழில் செய்த ஒருவர் சொன்னார்: "சேர், என்ட பேர மட்டும் காட்டித் தாங்க. இனிமேக் கைநாட்டு வைக்க ஏலா."

பெயர் எழுதப் பழகியவர்களை அதற்கப்பால் கொண்டுபோக எனக்கு வழி தெரியவில்லை. வழி தச்சுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே தொழில் பழக்கும் உத்தியோகத்தர் சிங்களவர், நல்ல மனிதர். ஒருநாள் என்னை மறித்து, பையன்களுக்கு வாள் பிடிக்கத் தெரிகிறது, ஆனால் அளவு நாடா வாசிக்கத் தெரியவில்லை, பலகை வீணாகிறது என்று குறைப்பட்டார். மறுவாரம் கரும்பலகையை விட்டுவிட்டு வகுப்பை மரத்தூளுக்குள் கொண்டுபோனேன்.

தச்சர்களின் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அரை என்றால் 4 நூல், கால் என்றால் 2. பாடசாலையில் பின்னம் என்றதும் பயந்தோடி ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் இவர்கள். "அலுமாரியின் வெளி அகலம் 17 அங்குலம் 5 நூல். இருபக்கப் பலகையும் தலா 6 நூல் தடிப்பு. உள்ளே போகும் தட்டு எவ்வளவு?" என்று கேட்டேன். நான் பென்சிலை எடுக்கு முன்னே ஒருவன் "16 அங்குலம் 1 நூல்" என்றான். வெட்டிப் பார்த்தோம், தட்டு அப்படியே போய் உட்கார்ந்தது. என் பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இப்போது பின்னத்தை நாடாவில்தான் தொடங்குகிறேன்.

மொழியும் ஒரு சங்கடம். தமிழ் அரசகரும மொழியாகி 1987 முதல் எத்தனையோ வருடம். கூடத்தில் நடப்பதோ சிங்களம். இதை வைத்துச் சண்டை பிடிப்பதை விட, கொப்பியில் இரண்டு நிரல் போடச் சொன்னேன். வாள் – கியத, உளி – நியன, சீவுளி – யத்த. எல்லாம் தமிழ் எழுத்தில். வாசிப்புப் பாடமும் ஆயிற்று, நாளைக்கு மொரட்டுவையில் தளபாட வேலைக்குப் போனால் வாய்ப்பேச்சுக்கும் உதவும்.

சொல்லியாக வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் மறியலுக்கு வருவோர் நம் நாட்டில் ஏராளம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பணம் கட்டியதும் அந்தச் சிறை முடிந்துவிடும். தொழிற்சான்றிதழுக்கோ மாதக்கணக்கில் படிக்க வேண்டும். மறுபுறம், நாட்டின் சிறைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பு வராத விளக்கமறியல்காரர். அவர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்ப முடியாது. நான் போகும் இடத்தில் அதனாலேயே தச்சுக்கூடமும் அவர்களுக்கு இல்லை. தவணைக்கு நீதிமன்றம் போய்வருவதைத் தவிர நாள் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். நேரம் இருப்பவனுக்குப் படிப்பில்லை, படிப்பவனுக்கு நேரமில்லை. எழுத்தறிவற்ற கைதிக்குக் கல்வி கட்டாயம் என்று 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 104 ஆவது சொல்கிறது. விரும்பி வரும் மறியல்காரருக்காவது கதவைத் திறந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அலுமாரித் தட்டுக்கு விடை சொன்ன பையனும் தண்டப்பணக்காரன்தான். மாமா வந்து பணத்தைக் கட்டினார். அல்ஹம்துலில்லாஹ் என்றோம். உடுப்புப் பையோடு நின்றவன், "மேசைக்கால் மூட்டு இன்னும் படிக்கல்லயே சேர்" என்றான். ஊரில் இரண்டு பட்டறைகளில், இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஜும்ஆவில் என் பக்கத்து ஸப்பில் நிற்பவர். மொரட்டுவையில் ஒரு முதலாளி மட்டும் எதுவும் கேட்காமல், ஒரு பலகையைக் கொடுத்துச் சீவிக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அவன் அழைப்பெடுத்தான்.

"சேர், இங்க நூல் இல்ல. எல்லாம் மில்லிமீற்றர்."

"ஒரு நூலுக்கு மூணு மில்லிமீற்றரும் கொஞ்சமும் மகன்."

"அந்தக் கொஞ்சம் எவ்வளவு சேர்?"