மெக்சிக்கோக் கரையில் மூன்று மாதம்

வட அமெரிக்காவின் கடுங்குளிருக்கு அஞ்சிக் கனடா நாட்டு முதியோர் பல்லாயிரவர் ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும் தெற்கு நோக்கிப் பறந்து செல்வர். புள்ளினம் வலசை போவதை ஒத்த இவ்வழக்கத்தால் அவர்களுக்குப் ‘பனிப்பறவைகள்’ என்றே பெயர் வழங்குகின்றது. அவர்கள் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று, மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் உள்ள புவேர்ட்டோ வயார்ட்டா என்னும் பட்டினமாகும். ரொறன்ரோவில் வாழும் எம் தமையனார், தம் மனைவியார் காலமான பின்னர் வந்த முதற் குளிர்காலத்தைத் தனியே கழிக்க மனம் ஒப்பாதிருந்தார். ஆகவே, கல்லூரியில் விடுமுறை பெற்று, 2023 மார்கழி முதல் 2024 மாசி வரை அவருக்குத் துணையாக நாம் அங்கே தங்கினோம்.

பண்டேராஸ் குடாவின் ஓரத்தில், மலைச் சரிவில் ஏறிப் படர்ந்திருக்கும் ஊர் அது. குவாலே ஆறு ஊரின் நடுவே ஓடிக் கடலிற் கலக்கின்றது. முன்னர் லாஸ் பேனியாஸ் எனப்பட்ட இவ்வூர், 1918இல் இப்பெயர் பெற்றது. 1963இல் ஜோன் ஹியூஸ்டன் என்னும் நெறியாளர் அண்மையிலுள்ள மிஸ்மலோயாக் கடற்கரையில் ஒரு திரைப்படம் எடுத்தபோது, பத்திரிகையாளர் பலர் அங்கே திரண்டனர். அமைதியான கடலோர ஊர் உலகறிந்த உல்லாசப் பட்டினமாக வளர்ந்தது அதன் பின்னரே. மார்கழி முதல் பங்குனி வரை பெருந் திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்காக அக்குடாவுக்கு வருகின்றன. வடக்கின் குளிரைத் துறந்து வருவோர் மனிதர் மட்டும் அல்லர் போலும்!

ஆயினும் நாம் எழுத எண்ணியது திமிங்கிலங்களைப் பற்றி அன்று. கடைத்தெருவையும் அடுப்படியையும் பற்றியே.

அங்கே குழாய்நீரைக் குடிநீராகக் கொள்வார் அரியர். 20 லீற்றர் கொள்ளும் பெரும் போத்தல்களில் நீர் விற்பவன் காலையில் தெருவெல்லாம் கூவி வருவான். வெறும் போத்தலைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் குரல் கேட்டதும் வாயிலுக்கு ஓடுவதே எமது நாளின் முதல் அலுவல். அடுத்தது தோர்த்தியா வாங்குதல். தோர்த்தியா என்பது சோளமாவினால் தட்டிச் சுடும் மெல்லிய உரொட்டி. நமக்குச் சோறு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அதனைச் சுடுவதற்கென்றே தெருவுக்குத் தெரு கடைகள் உண்டு. வீட்டிலிருந்து துணி கொண்டுபோனால், நிறுத்து, சூடு ஆறாமற் சுற்றித் தருவார்கள்.

இவ்வுரொட்டியின் பின்னால் ஒரு பழைய அறிவு மறைந்து கிடக்கின்றது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் நீக்கிய பின்னரே அரைக்கிறார்கள். அவ்வாறு செய்யாவிடின் சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேராது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுபோய், சுண்ணாம்பை விட்டுவிட்டனர். அதனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே நம்பிய ஏழைகள் பெல்லாக்ரா என்னும் நோயால் வருந்தினர். அரைப்பதற்கு முன்னோர் பயன்படுத்திய மூன்று காற் கல்லைக் கண்டபோது எமக்கு நம்மூர் அம்மியும் குழவியுமே நினைவுக்கு வந்தன.

மரக்கறி உணவினராகிய எமக்கு முதலிற் சிறிது இடர்ப்பாடு இருந்தது. அங்கே அவரை விதையை மசித்துப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம்; சோற்றையும் பலவேளை கோழிச் சாற்றில் ஆக்குவார்கள். ஆகவே, ‘கொழுப்பு இன்றி’ எனப் பொருள்படும் ‘சின் மந்தேகா’ என்பதே நாம் கற்ற முதல் ஸ்பானியத் தொடர். ‘ஃபோண்டா’ எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையற்காரி, எம் நிலை அறிந்தபின், வெறுமனே உப்பிட்டு அவித்த அவரையை எமக்கென எடுத்து வைத்திருப்பார். முள் நீக்கிய நாகதாளி மடலையும் வதக்கித் தருவார். நாம் வேலிக்கு ஆகும் என எண்ணும் நாகதாளியை அவர்கள் கறியாக்கி உண்கின்றனர். தங்கள் தேசியக் கொடியிலும் அதனைப் பொறித்துள்ளனர்.

அந்நாட்டாரின் பெரிய உணவு பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்பட்டது. இரவில் சிறிது உண்பதோடு சரி. ஆனால் எம் தமையனாரோ எந்த நேரத்திலும் உண்டாரில்லை. ‘பசிக்கவில்லை’ என்பார், யன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்த்திருப்பார். அண்ணியாரின் பெயரை அவர் வாய் உச்சரித்ததேயில்லை. சொல்லித் திருத்த முடியாது என்று கண்ட நாம், எமக்கு முழங்கால் நோவெனக் காரணம் காட்டி, உரொட்டி வாங்கும் அலுவலை அவரிடம் ஒப்படைத்தோம்.

கடைக்காரப் பெண், எழுபது கடந்த அவரை ‘ஹோவன்’ என்று விளித்தாளாம். ‘இளைஞரே’ என்பது அதன் பொருள்; எவ்வயதினரையும் அவ்வாறு அழைப்பது அந்நாட்டு மரபு. பொருள் அறிந்ததும் அவர் சிரித்தார். மறுநாள் நாம் சொல்லாமலே துணியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஒரு வாரத்தில் தண்ணீர்க்காரனோடும் பழக்கமாயிற்று. பின்பு தக்காளியும் பச்சை மிளகாயும் வாங்கி வந்து, தணலில் வாட்டி, கல்லுரலில் இடித்துச் சம்பல் செய்யவும் தொடங்கினார். ஒருநாள் அதனைச் சுவைத்துவிட்டு, “தம்பி, உன்ரை அண்ணி இருந்தால் இதுக்கு இன்னும் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டிருப்பா” என்றார். அன்று அவர் வயிறார உண்டார். அதன்பின் அண்ணியாரைப் பற்றி நாள்தோறும் பேசினார்.

அச்சம்பலின் மிளகாயும் தக்காளியும் அமெரிக்க மண்ணுக்கே உரியவை. நம் பப்பாசியும் கொய்யாவும் மரவள்ளியும் அங்கிருந்து வந்தவையே. மிளகாயைப் போர்த்துக்கேயர் கொணர்ந்தபோது, மிளகுபோல் உறைத்த காய்க்கு நம் முன்னோர் பழைய சொல்லைக் கொண்டே புதுப்பெயர் இட்டனர். மறுதிசையிலும் பொருள்கள் சென்றன. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கப்புல்க்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அக்கப்பல்களிற் சென்ற பிலிப்பைன் மாலுமிகள் தென்னையிற் பாளை சீவும் தொழிலை அக்கரையிற் பரப்பினர். இன்றும் கடற்கரை வீதியில், சுரைக் குடுவையில் ‘தூபா’ என்னும் தென்னம்பாளைச் சாற்றைக் கொண்டு வந்து, நிலக்கடலையும் அப்பிள் துண்டுகளும் தூவி விற்கிறார்கள். ஒரு வாய் பருகிய தமையனார், “கருப்பணி!” என்றார். முற்றிலும் அதுவன்று எனினும், உறவு பொய்யன்று.

பிறநாடுகளில் முதியோரைத் தனியே விட்டிருக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அவர்களுக்கு மருந்தும் பணமும் அனுப்புகிறோம், தொலைபேசியில் ‘சாப்பிட்டீர்களா?’ என்று நாள்தோறும் கேட்கிறோம். அவற்றோடு, அவர் கையில் நாளுக்கு ஓர் அலுவலையும் கொடுத்தல் நன்று. அது உரொட்டி வாங்கும் சிறு அலுவலாயினும் ஆகுக; அவரை எதிர்பார்த்து ஒரு கடைவாயிலிலேனும் ஒருவர் நிற்பாராயின், பசி தானே வரும்.