கோல் அடித்தவர்களும் கோல் எடுத்தவர்களும்

இப்போது பாடசாலையில் உதைபந்தாட்டக் கதை எடுத்தால் பிள்ளைகள் ஸ்பெயின், பிரான்ஸ், ஆர்ஜன்டீனா என்று அடுக்குவார்கள். இத்தாலி என்று நாங்கள் சொன்னால், "அவங்களும் பெரிய டீமா சேர்?" என்று கேட்கிறார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. 2021இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றாலும், 2018இலும் 2022இலும் இத்தாலி உலகக்கிண்ணத்திற்கே வரவில்லை. அவர்கள் கண்ட இத்தாலி அதுதான்.

எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்த இத்தாலி வேறு. அதிலும் 2005-2006 பருவகாலத்தை நாங்கள் மறக்கமாட்டோம். ஒரே பருவகாலத்தில் ஒரு நாட்டின் உதைபந்தாட்டம் உலகத்தின் உச்சிக்கும் போனது, நீதிமன்றப் படிக்கும் போனது. அந்தக் கதையை இன்றைய பிள்ளைகளுக்கும், அவர்களை விட அவர்களின் வாப்பாமாருக்கும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

அந்த வருடம் சீரி ஏ-யில் ஜுவென்டஸை யாராலும் பிடிக்க முடியவில்லை. பயிற்றுவிப்பாளர் பபியோ கபெல்லோ. கோல் காப்பில் புபோன், பின்களத்தில் கன்னவாரோ, துராம், சம்ப்ரொட்டா, நடுவில் வியேரா, நெட்வெட், முன்னால் இப்ராஹிமோவிச், ட்ரெசகே, டெல் பியரோ. 38 போட்டிகளில் ஒன்றில் மட்டும்தான் தோற்றார்கள். 91 புள்ளிகள். ஏசி மிலானுக்கு 88, இன்டர் மிலானுக்கு 76. பியோரென்டினாவின் லூகா டோனி 31 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கப் பாதணியை வென்றார். அதை வென்ற முதல் இத்தாலியர் அவர். ரோமா தொடர்ச்சியாக 11 போட்டிகளை வென்றது. அந்த ஓட்டத்தின் நடுவிலே, பெப்ரவரியில், அதன் தலைவர் டொட்டியின் கால் எலும்பு முறிந்தது. உலகக்கிண்ணத்திற்கு நான்கு மாதம்கூட இல்லை. காலில் உலோகத் தகட்டோடு அவர் திரும்பி வந்தார்.

அதே பருவகாலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005 நவம்பர் 27. மெசினாவுக்கும் இன்டருக்கும் போட்டி. மெசினாவின் பின்கள வீரர் மார்க் சோரோ ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்தவர். பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த நிறவெறிக் கூச்சல் பொறுக்காமல் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறப் போனார். எதிரணியின் அட்ரியானோவும் மார்டின்ஸும் ஓடி வந்து சமாதானப்படுத்தினார்கள். அதன் பிறகு இத்தாலியில் போட்டிகள் ஐந்து நிமிடம் தாமதித்து ஆரம்பமாயின. வீரர்கள் நிறவெறிக்கு எதிரான பதாகையோடு மைதானத்திற்கு வந்தார்கள். ஒரு மனிதன் பந்தைக் கையில் எடுத்ததால்தான் ஒரு நாடு ஐந்து நிமிடம் நின்று யோசித்தது.

தேசிய அணியும் அந்த வருடம் நன்றாக இருந்தது. ஒக்டோபரில் பலேர்மோவில் ஸ்லோவேனியாவை 1-0 என்று வென்று உலகக்கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. நவம்பரில் அம்ஸ்டர்டாமில் நெதர்லாந்தை 3-1, மார்ச்சில் புளோரன்ஸில் ஜேர்மனியை 4-1. பயிற்றுவிப்பாளர் மார்செல்லோ லிப்பி. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

மே மாதம் பத்திரிகைகளில் தொலைபேசி உரையாடல்கள் வெளிவந்தன.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இது காசு கொடுத்துப் போட்டியை வாங்கிய கதை அல்ல. அப்படியொன்று 1980இல் நடந்தது. சூதாட்டத்திற்காக ஆட்டங்களை விற்ற விவகாரத்தில் மிலானும் லாசியோவும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டன. பாவ்லோ ரொஸ்ஸி இரண்டு வருடம் தடையில் இருந்து, 1982இல் திரும்பி வந்து ஆறு கோல் அடித்து உலகக்கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். 2006இல் வெளிவந்தது வேறு விதம். ஜுவென்டஸின் பொது முகாமையாளர் லூசியானோ மொஜ்ஜி, போட்டிகளுக்கு மத்தியஸ்தர்களை நியமிக்கும் அதிகாரிகளோடு ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். எந்தப் போட்டிக்கு யார் மத்தியஸ்தர், யார் நல்லவர், யார் சரிவராது என்ற பேச்சு. பொலிஸார் அதற்கு முந்திய பருவகாலத்திலேயே அதைப் பதிவு செய்திருந்தார்கள். மற்றவர்கள் ஒட்டுக்கேட்காமல் இருக்க வெளிநாட்டு சிம் அட்டைகள் பாவித்தார்கள் என்றும், அடுத்த வாரம் ஜுவென்டஸுடன் மோதப்போகும் அணியின் நல்ல வீரருக்கு இந்த வாரமே மஞ்சள் அட்டை காட்டித் தடைக்குள் தள்ளினார்கள் என்றும் வழக்குத் தொடுத்தவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு விடயம் எங்களை இன்னும் யோசிக்க வைத்தது. அந்தக் காலத்தில் இத்தாலியில் மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்ய சீட்டுக் குலுக்கினார்கள். பார்வைக்கு நியாயம்தான். ஆனால் எந்தெந்தப் போட்டிகளை, எந்தெந்த மத்தியஸ்தர்களை ஒரே தொகுதியில் போட்டுக் குலுக்குவது என்பதைத் தீர்மானித்தவர்கள் அதே அதிகாரிகள். சீட்டுக் குலுக்குவதை எல்லோரும் பார்த்தார்கள். சீட்டு எழுதுவதை யார் பார்த்தார்கள்?

சம்மேளனத் தலைவர் இராஜினாமா செய்தார். மே 14, ஜுவென்டஸ் கடைசிப் போட்டியை வென்று சம்பியனான அன்றே மொஜ்ஜி பதவி விலகினார். அடுத்த நாள் லிப்பி உலகக்கிண்ண அணியை அறிவித்தார். 23 பேரில் 13 பேர் குற்றம் சாட்டப்பட்ட ஜுவென்டஸ், மிலான், லாசியோ, பியோரென்டினா ஆகிய நான்கு கழகங்களைச் சேர்ந்தவர்கள். லிப்பியையே விலகச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

அந்த நிலையில்தான் ஜேர்மனிக்குப் போனார்கள். கானாவுக்கு எதிராக 2-0. அமெரிக்காவுடன் 1-1, அதில் விழுந்த கோல் இத்தாலியின் சக்கார்டோ தன் வலைக்குள்ளேயே போட்டது. தகுதிகாண் சுற்றில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அந்த ஒரே கோலை அடித்தவரும் அவர்தான். செக் குடியரசுக்கு எதிராக 2-0. அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பத்துப் பேராக ஆடி, உபாதையீடு நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் டொட்டி தண்ட உதையை அடித்தார். அடுத்த நாள் ஒரு துயரச் செய்தி. முந்திய பருவகாலம் வரை ஜுவென்டஸில் இவர்களோடு ஆடிய பெசொட்டோ, கழகக் கட்டடத்தின் மேலிருந்து விழுந்து படுகாயமடைந்திருந்தார். டெல் பியரோவும் சம்ப்ரொட்டாவும் அவரைப் பார்க்க டூரினுக்குப் போய் வந்தார்கள். அந்த வாரமே உக்ரேனை 3-0 என்று வென்றார்கள். முதல் கோல் சம்ப்ரொட்டா. வென்ற பிறகு பெசொட்டோவுக்கு ஆறுதல் எழுதிய கொடியை மைதானத்தில் விரித்துப் பிடித்தார்கள். அவர் பிழைத்தார்.

அரையிறுதி டோர்ட்முண்டில். அந்த மைதானத்தில் ஜேர்மனி அதுவரை தோற்றதே இல்லை. 119ஆம் நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு க்ரோசோ ஒன்று, டெல் பியரோ ஒன்று. இந்த க்ரோசோ யார்? பெரிய கழகத்தில் வளர்ந்தவர் அல்ல. கீழ்ப்பிரிவுகளில் ஆடி, பெருஜியாவுக்கு வந்து, அங்கிருந்து பலேர்மோவுக்கு வந்தவர். அவருக்காக யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை.

ஜூலை 9, பேர்லின். எங்கள் நேரம் இரவு 11.30. அந்த நாட்களில் எங்கள் நாட்டு நிலைமையும் நல்லாயில்லை, கிழக்கில் யுத்தம் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தொலைக்காட்சி உள்ள வீட்டு முற்றமெல்லாம் ஆட்கள். சிடான் தண்ட உதையில் ஒரு கோல், மடெராசி தலையால் ஒரு கோல். மேலதிக நேரத்தில் சிடானுக்குச் சிவப்பு அட்டை. கடைசியில் பெனால்டி. ட்ரெசகேயின் பந்து மேல் கம்பத்தில் பட்டது. க்ரோசோ ஐந்தாவதை அடித்தார். 5-3. இத்தாலி உலகச் சம்பியன். அந்தத் தொடரில் இத்தாலிக்காகப் பத்து வெவ்வேறு வீரர்கள் கோல் அடித்திருந்தார்கள். புபோனின் வலைக்குள் போனவை இரண்டே இரண்டு. ஒன்று சொந்த வீரர் போட்டது, மற்றது பெனால்டி. எதிரணி யாரும் ஓடும் ஆட்டத்தில் அவருக்குக் கோல் அடிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் பாருங்கள். அந்த இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு ஜுவென்டஸ் வீரர்கள் ஆடினார்கள். இத்தாலிக்கு புபோன், கன்னவாரோ, சம்ப்ரொட்டா, கமொரனேசி, டெல் பியரோ. பிரான்சுக்கு துராம், வியேரா, ட்ரெசகே. அப்படிப்பட்ட ஓர் அணிக்கு எந்தப் போன் தேவைப்பட்டது? அந்த அழைப்புகள் இல்லாமலே வென்றிருக்கக்கூடிய வீரர்கள் அவர்கள். கடைசியில் அவர்களுடைய வெற்றியையே யாரும் நம்ப முடியாமல் போனது. மற்றவர்களிடமிருந்து களவாடியதை விட, சொந்தப் பிள்ளைகளிடமிருந்து களவாடியதுதான் அதிகம்.

கிண்ணம் கிடைத்ததும் பொதுமன்னிப்புக் கொடுங்கள் என்ற பேச்சு எழுந்தது. அரசியல்வாதிகளும் அதைச் சொன்னார்கள். நாட்டுக்கு இவ்வளவு பெருமை தேடித் தந்தவர்களின் கழகங்களைத் தண்டிப்பதா என்ற கேள்வி. ஆனால் கிண்ணம் வந்து ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு, நடுத்தீர்ப்பு எல்லாம் முடிந்தபோது ஜுவென்டஸின் இரண்டு பட்டங்கள் பறிக்கப்பட்டன. அதன் வரலாற்றில் முதற்தடவையாக சீரி பி-க்கு, அதுவும் 9 புள்ளிகள் கழிக்கப்பட்டு, இறக்கப்பட்டது. மிலான், பியோரென்டினா, லாசியோ மூன்றுக்கும் முடிந்த பருவகாலத்திலிருந்து 30 புள்ளிகள் வெட்டப்பட்டதோடு அடுத்த வருடத்திற்கும் கழிவு. மொஜ்ஜிக்கு ஐந்து வருடத் தடை. 2011இல் அது ஆயுள் தடையானது. குற்றவியல் வழக்கு 2015இல் பெரும்பாலும் காலாவதியாகி முடிந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெரிய வாதம் என்ன தெரியுமா? "எல்லாரும்தான் பேசினார்கள்." அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பிறகு வெளிவந்த பதிவுகளில் வேறு கழகங்களின் பெயர்களும் இருந்தன. காலம் கடந்துவிட்டதால் அவற்றுக்கு விளையாட்டு வழக்கு நடக்கவில்லை. தண்டனை சமமாக விழவில்லை என்று இன்றும் அங்கே சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் எல்லாரும் செய்தார்கள் என்பது குற்றம் எவ்வளவு பெரிது என்பதற்குத்தான் சாட்சி, குற்றமில்லை என்பதற்கு அல்ல.

இனி இங்கே வருவோம்.

எங்கள் ஊர்களில் "ஒரு கோல் எடுத்தா சரி" என்பது ஒரு வாழ்க்கை முறை. தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க ஒரு கோல். இடமாற்றத்தை நிறுத்த ஒரு கோல். வைத்தியசாலையில் முன்னுக்குப் போக ஒரு கோல். இதை நாங்கள் லஞ்சம் என்று சொல்வதில்லை, காசு கைமாறவில்லையே. "தெரிஞ்ச ஆள்" என்கிறோம். "உதவி" என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் 15 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டி ஒன்று. இறுதிப் போட்டிக்கு முதல் நாள் இரவு மத்தியஸ்தர் மாற்றப்பட்டார். காரணம் சொல்லப்படவில்லை. அடுத்த நாள் எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். நியாயமாகத் தோற்றார்களா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பிள்ளை சொன்னான்: "நமக்கு ஆள் இல்ல சேர், அதான்." பயிற்சி போதாது என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் அவன் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். வென்ற அணியில் இருந்த பிள்ளைகள் அவனை விடக் கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம். அதையும் அந்த ஒரு கோல் அழித்துவிட்டது.

ஜுவென்டஸ் கீழே இறங்கியபோது பலர் போய்விட்டார்கள். கன்னவாரோ ரியல் மட்ரிட்டுக்கு, சம்ப்ரொட்டாவும் துராமும் பார்சிலோனாவுக்கு, இப்ராஹிமோவிச்சும் வியேராவும் இன்டருக்கு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் புபோன், டெல் பியரோ, நெட்வெட், ட்ரெசகே, கமொரனேசி நின்றார்கள். உலகக்கிண்ணம் முடிந்து இரண்டு மாதத்தில் ரிமினி என்ற சிறிய ஊரின் மைதானத்தில் போய் ஆடினார்கள். முதல் போட்டி 1-1. கழித்த புள்ளிகளையும் சுமந்துகொண்டு 85 புள்ளிகளோடு முதலிடம் வந்து மேலே ஏறினார்கள். டெல் பியரோ அந்தப் பிரிவில் அதிக கோல் அடித்தவர். அந்த 85இல் ஒன்றைக்கூட இன்றுவரை யாரும் சந்தேகித்ததில்லை.

இல்ல விளையாட்டுப் போட்டியும் கழகச் சுற்றுப்போட்டிகளும் வரப்போகும் காலம் இது. எங்கள் ஊர்க் கழகங்களிடமும் பெற்றோரிடமும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியஸ்தர் பட்டியலை எல்லோரும் இருக்கும்போது எழுதுங்கள். எழுதியதை அறிவித்தல் பலகையில் போடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் யார், ஏன் மாற்றினார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மத்தியஸ்தரின் விசில் ஓர் அமானிதம். அதை வீட்டில் இருந்துகொண்டு போனில் ஊத வேண்டாம்.

பிள்ளைகள் கோல் அடிக்கட்டும். நாங்கள் கோல் எடுக்காமல் இருப்போம்.