ஓவியம் சோறு போடுமா?

மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி முறையிடுவதுண்டு: "நோட்டுப் புத்தகம் முழுவதும் படம் வரைந்து வைத்திருக்கிறான், ஹஜ்ரத்! இது சோறு போடுமா? மார்க்கம்தான் இதை ஏற்குமா?"

முதல் வினாவிற்கு விடை நமது கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. மரக்காணத்திலிருந்து சென்னை நோக்கிச் சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைக் காணலாம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களையும் தோழர்களையும் இணைத்து 1966இல் அதனை நிறுவினார். படித்து முடித்த ஓவியர்கள் பிழைப்பைத் தேடி வேறு பணிகளுக்குச் சென்று, தூரிகையையே மறந்துவிடுவது அவரை வருத்தியது. எனவே துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலை முதலான கைத்தொழில்களை அவர்கள் மேற்கொண்டனர். அவற்றை விற்ற வருவாயிலேயே நிலமும் வாங்கினர். உணவுக்குக் கைத்தொழில் இருந்தமையால், விலைபோகுமா என்ற அச்சமின்றி ஓவியம் தீட்ட முடிந்தது. 1990இல் மறைந்த ஜே. சுல்தான் அலியும் அக்கிராமத்தின் ஓவியர்களுள் ஒருவரே. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டவர்கள் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நமக்கு இவ்வழி அந்நியமானதன்று.

இரண்டாம் வினா நுட்பமானது. உயிருள்ளவற்றை வரைவது குறித்து உலமாக்கள் விரிவாகப் பேசியுள்ளனர். ஐயமுள்ளோர் தவிர்ந்துகொள்வதே பேணுதல். ஆயினும் எழுத்தணியும் கொடிவடிவமும் இயற்கைக் காட்சியும் நமக்குத் திறந்தே உள்ளன. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் எழுத்துகளும் எண்களும் கணிதக் கோடுகளும் நிறைந்திருக்கும். எழுத்தே ஓவியமாகும் என்பதைக் கூஃபி எழுத்துகளால் பள்ளிவாசல்களை அழகுசெய்த நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

எங்கள் ஊரிலும் ஓவிய ஆர்வலர் அறுவர் மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கள் புதிய படைப்புகளைப் பரப்பி வைக்கின்றனர். ஒருவர் உப்பளத்தில் கணக்கெழுதுபவர், ஒருவர் தையற்காரர், ஏனையோர் மாணவர்கள். அண்மையில் கணக்கர், மாலைச் செவ்வானம் தேங்கிய உப்புப் பாத்திகளைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். தையற்காரர் பிஸ்மியைப் பூவேலை வடிவில் அமைத்திருந்தார். ஒரு மாணவர் உப்பு நீரில் வெடித்த இரு பாதங்களை மட்டும் தீட்டியிருந்தார். அவை உப்பு வாரும் அவருடைய தாயின் பாதங்கள்.

அங்கே வெற்றுப் புகழுரை இல்லை. "உப்பின் மீது ஊன்றும் கால் இப்படிச் சமமாகப் படியாது, விரல்கள் மடங்கும்" என்றார் கணக்கர். மாணவர் மறுமாதம் திருத்தி வந்தார். அப்பாதங்களை நாள்தோறும் காணும் மகனே மீண்டும் ஒருமுறை கூர்ந்து நோக்க நேர்ந்தது. ‘படம் வரைந்து கெடுகிறான்’ என்று கடிந்துவந்த தந்தை, அந்தத் தாளைக் கண்ட பின் கடிந்துகொள்வதை விட்டுவிட்டார். தாயின் காலுக்கு மருந்தெண்ணெயும் வாங்கி வந்தார் என அறிந்தேன்.

பெற்றோர்களே! ஓவியம் மட்டுமே சோறு போடும் என நான் கூறமாட்டேன். பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்கள் அதற்கு ஏற்றவை. பெண்மக்களின் பூத்தையலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைந்ததை நான்கு பேர் நேர்மையாகப் பார்த்துக் கருத்துரைக்கும் ஒரு திண்ணையையும் ஏற்படுத்திக் கொடுங்கள்.

வல்ல இறைவன் நம் மக்களின் கண்களுக்குக் கூர்மையையும் கைகளுக்கு ஹலாலான தொழிலையும் அருள்வானாக! ஆமீன்.